மூன்று உறிஞ்சல், ஒரு மூச்சு

வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்த ஓட்டையும் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக நான் பார்க்கும் வேலை அது ஒன்றுதான். பெரிய சலவை ஆலை எங்களுடையது. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் துவைத்துக் காய்ந்து என் மேசைக்கு வரும். மேசைக்குப் பின்னால் நான்கு டியூப்லைட். விரிப்பைத் தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகூடத் தப்பாது. கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஆளும் இல்லை நான். எந்த மெஷினில் கிழிந்தது, யார் ஓட்டினது, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன். ஆலையில் எனக்குச் சங்கு என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என் தம்பி மனைவியைப் பற்றி. ஆனால் அவள் கதையில் ஓர் ஓட்டை வருகிறது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பீடிகை.

அவள் தையல்காரி. புதுத்துணி தைப்பவள் அல்ல. தைத்ததைப் பிரித்துத் தைப்பவள். இடுப்பு இறுக்கமாக இருந்தால் பிரித்து விடுவாள், தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைப்பாள். ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவள் கடை. ஒரு மெஷின், ஒரு முக்காலி, அவள். வாடிக்கையாளர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கான என் தம்பி, வேலை உடுப்பின் ஜிப் போய்விட்டது என்று அங்கே போனான். ஒரு ஜிப்புக்கு ஐந்து முறை போனான். ஆறாவது முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

அவள் அன்றைக்கு வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். நான் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, உனக்குப் பேச வருமா வராதா?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பட்டையில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"வரும் அண்ணி. கடைசியில பேசுவேன்."

இன்னும் பெண் பார்த்தாகவே இல்லை, அதற்குள் அண்ணியாம். ஊமைக்கோட்டான் ஒன்று வீட்டுக்கு வரப்போகிறது என்று தம்பியிடம் சொன்னேன். மாமியார் இல்லாத வீடு என்று நம்பி வந்தவளுக்கு, இரண்டு மாமியாருக்குச் சமமாக ஒரு நாத்தனார் கிடைத்தாள் என்று அவன் சொன்னான். இரண்டும் உண்மைதான்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர்களுடைய குழந்தை, இருபத்தேழாவது வாரத்திலேயே பிறந்துவிட்டது. ஒரு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. மூன்றரை மாதம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். அதில் ஏழு வாரம் தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷின்தான் மூச்சு விட்டது. உயிரைக் காப்பாற்றியதும் அந்த மெஷின்தான், நுரையீரலைத் தடிக்க வைத்ததும் அந்த மெஷின்தான் என்று டாக்டர் சொன்னார். நடுவில் குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தார்கள். தொண்டைக் குழாயை மாலையே எடுத்துவிடுவோம் என்றார்கள். எடுக்க முடிந்தது ஒன்பதாம் நாள். அந்த ஒன்பது நாளும் என் தம்பி மனைவி தாழ்வாரத்து இரும்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மயக்க மருந்து என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அவள் கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

வீட்டுக்கு வந்தபோது குழந்தையின் ஒரு மூக்குத் துளையில் பிராணவாயுக் குழாய், இன்னொரு துளை வழியாக வயிற்றுக்குள் போகும் பால் குழாய், கால் பெருவிரலில் சிவப்பாக எரியும் ஒரு சின்ன கிளிப். கிளிப்பின் மறுமுனையில் ஒரு பெட்டி. அதில் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று ஒரு நம்பர். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் கத்தும். மூலையில் பிராணவாயு மெஷின் இருபத்துநாலு மணி நேரமும் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தொட்டில் வரைக்கும் மூன்று மீட்டர் டியூப். ஆக, குழந்தையின் உலகம் மூன்று மீட்டர். அம்மாவின் உலகமும் அதேதான். தையல் மெஷினைச் சுவரோடு தள்ளி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு மூடி, அதன்மேல் மருந்துகளை அடுக்கியிருந்தாள். சளி பிடித்தவர்கள் வரக் கூடாது, கூட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, ஜன்னலைத் திறந்தால் தூசி, சாத்தினால் புழுக்கம். ஐந்து மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்கள் தவிர அவள் மாடிப்படி இறங்கியதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். அதற்கே ஐம்பது நிமிடம். பிறகு பாட்டில் கழுவல், வாந்தி துடைத்தல், பால் குழாயில் தண்ணீர் விட்டு அலசல். மிச்சம் இருக்கும் நேரத்தில் அவள் தூங்கினாளா, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

குழந்தைக்கு என் தம்பி வைத்த பெயர் மேனேஜர். "மேனேஜர் கூப்பிடுறாங்க", "மேனேஜர் மீட்டிங் மூணு மணிக்கு" என்பான். வீட்டில் எல்லாரும் அவள் போட்ட ஷிப்டில்தானே இருந்தோம். எனக்கு ஆலையில் காலை ஷிப்டு. முடித்துவிட்டு மதியம் அங்கே போனால் இரவுச் சாப்பாடு வரைக்கும் இருப்பேன். பாட்டில் கழுவுவது என் பொறுப்பு. பதினைந்து நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனவள், ஐந்து மாதம் கழுவினேன்.

குழந்தை பால் குடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். பால் டீச்சர் வந்து எங்கள் கண்ணைத் திறந்தாள். குழந்தைகளுக்கு விழுங்கக் கற்றுத்தரும் பெண் அவள். அதற்கென்று தனியாகப் படிப்பு இருக்கிறதாம். ஒரு வாய் விழுங்க வேண்டுமானால் அந்தக் கணம் மூச்சை நிறுத்த வேண்டும் என்றாள். நமக்கு அது தெரிவதே இல்லை. நிமிடத்துக்கு எழுபது தடவை மூச்சு வாங்கும் குழந்தைக்கு நிறுத்துவதற்கு ஏது நேரம்? விழுங்கினால் மூச்சுக்குத் தவிக்கும், மூச்சு விட்டால் பால் தடம் மாறும்.

மேனேஜரை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாட்டிலைச் சாய்க்காமல் படுக்கையாகப் பிடித்துக் காட்டினாள். மிகச் சின்னத் துளையுள்ள நிப்பிள் ஒன்றைக் கொடுத்தாள்.

"மூணு உறிஞ்சல். உடனே பாட்டிலைக் கீழ இறக்கிடுங்க. அவ ஒரு மூச்சு நல்லா விடட்டும். அப்புறம் திரும்ப மூணு. எவ்வளவு குடிச்சான்னு பார்க்காதீங்க. எப்படிக் குடிச்சான்னு பாருங்க. மீதிய குழாய்ல விட்டுக்கலாம்."

"தப்பாப் போச்சுன்னா இருமுவா இல்ல, அப்ப நிறுத்திக்கலாம்" என்றேன் நான்.

"இரும மாட்டா. அதான் பயம். ரொம்ப நாள் தொண்டையில குழாய் கிடந்த குழந்தைங்களுக்கு அந்த உணர்ச்சி மங்கிப் போயிருக்கும். பால் மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கினாக்கூட சாதாரணமாப் படுத்திருப்பாங்க. கண்ல தண்ணி வரும். குரல் ஈரமாக் கேக்கும். நம்பர் கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான்."

அதே வாரம் நுரையீரல் டாக்டர் வேறு மாதிரி பேசினார். மூக்குக் குழாயோடு எத்தனை மாதம் ஓட்டுவது? நான்கு வாரம் பார்க்கலாம். ஒவ்வொரு வேளையும் அறுபது மில்லி வாயால் குடித்துவிட்டாள் என்றால் குழாயை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்து வயிற்றிலேயே நேராக ஒரு குழாய் வைத்துவிடலாம் என்றார். சின்ன ஆபரேஷன்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். என் தம்பி மனைவியின் கை கழுத்துக்குப் போனது.

ஒருத்தி அளவைப் பார்க்காதே என்கிறாள், ஒருவர் அறுபது மில்லி என்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். நடுவில் மாட்டிக்கொண்டவள் பாட்டிலைக் கையில் வைத்திருந்தவள்.

சுவரில் ஒரு தாள் ஒட்டி ஒவ்வொரு வேளையும் எழுதினாள். எட்டு. பத்து. பன்னிரண்டு. ஒன்பது. மூன்று உறிஞ்சல், ஒரு மூச்சு. மூன்று உறிஞ்சல், ஒரு மூச்சு. அரை மணி நேரத்தில் மேனேஜர் களைத்து, உதட்டோரம் வெளிறி, பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவாள். இரண்டு வாரம் ஓடியது. தாளில் பதினாலைத் தாண்டிய எண் ஒன்றும் இல்லை. "சாயந்திரம் பார்க்கலாம்" என்பாள் காலையில். "காலையில பார்க்கலாம்" என்பாள் சாயந்திரம்.

ஒரு திங்கட்கிழமை நான் போனபோது தம்பி வாசலிலேயே நின்று குதித்துக்கொண்டிருந்தான். "அக்கா, நாப்பது! மேனேஜர் நாப்பது அடிச்சுட்டாங்க! அதுவும் பத்து நிமிஷத்துல!" மறுநாள் ஐம்பது. அதற்கு மறுநாள் அறுபது. நான் கீழே வாட்ச்மேனிடம் சொன்னேன், மருந்துக் கடைக்காரரிடம் சொன்னேன், ஆலையில் மூன்று மாடிக்கும் சொன்னேன். பால் டீச்சர் போன் பண்ணி விசாரித்தாள். திடீரென்று இவ்வளவா, நிப்பிளை மாற்றினீர்களா என்று கேட்டாள். "அதே நிப்பிள்தான்" என்றாள் என் தம்பி மனைவி. பொய்யும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலையே நான் பாட்டில் கழுவினேன். வழக்கம்போல் நிப்பிளில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தேன். எப்போதும் சொட்டுச் சொட்டாக விழும். அன்றைக்கு நூல் மாதிரி ஒழுகியது. எனக்குக் கை பழகிய வேலை. தானாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். துளை பெரிதாகியிருந்தது. ஓரம் உருகி, இறுகி, வட்டமாக இருந்தது. சூடுபட்ட ஓட்டை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை, சிகரெட் சுட்ட ஓட்டை, எத்தனை பார்த்திருக்கிறேன். இது சுட்ட ஊசியால் குத்திய ஓட்டை.

திரும்பினேன். சமையலறை வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நின்றிருந்தாள். டியூப் அவ்வளவு தூரம்தான் எட்டும். என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

நான் நிப்பிளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். எடுத்தேன். தட்டில் கவிழ்த்து வைத்தேன்.

ஏன் என்று கேட்கலாம். நானே என்னைக் கேட்டிருக்கிறேன். பெற்றவளுக்குத் தெரியாததா என்று சொல்லிக்கொண்டேன். நம்பர் இறங்கவில்லையே என்று சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சப்பைக்கட்டு. எங்கள் ஆலை வேறு ஊரில் ஒரு கிளை திறந்திருந்தது. அங்கே தலைமைப் பரிசோதகர் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். மேனேஜருக்குக் குழாய் கழன்றால் நான் கிளம்பலாம். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் படுக்கையை விரித்துப் பார்த்தவளுக்கு முதல்முறையாகத் தனி அறை, தனி நாற்காலி, எனக்குக் கீழே ஆறு பேர். எனக்கு அது வேண்டியிருந்தது. அவ்வளவுதான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதின்மூன்று நாள் கழுவினேன். பதின்மூன்று நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கொதிக்க வைத்தேன், கவிழ்த்தேன். பதின்மூன்று நாளும் அவள் வாசலில் வந்து நின்றாள். நான் எதுவும் சொல்கிறேனா என்று வேவு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

மேனேஜர் ஒருமுறைகூட இருமவில்லை. குடித்து முடித்ததும் கண் ஓரம் ஈரமாக இருக்கும். அழுதால் குரலில் ஒரு கரகரப்பு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "லேசா சளி" என்றேன் நானே. பெட்டியில் நம்பர் தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்று நான்காகி, மூன்றாகி நின்றது. அவள் பிராணவாயுவை ஒரு கோடு கூட்டி வைத்தாள். சுவரில் தாள் நிறைய அறுபது, அறுபது, அறுபது.

பதினாலாம் நாள் காலை காய்ச்சல். நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கிப் போனது. பெட்டி எண்பத்தொன்று என்று காட்டிக் கத்தியது. நான் ஆலையிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது தம்பி கையில் கிரீஸோடு நின்றுகொண்டிருந்தான். யாரோ நாலு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம், அவர்களை வெளியே எடுத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். அவனுக்கு அதெல்லாம் நாலு நிமிட வேலை. இங்கே கண்ணாடிக்கு வெளியே அவன் கிரீஸைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

நிமோனியா. பதினோரு நாள். தொண்டைக்குழாய் வரைக்கும் போகாமல் தப்பித்தாள், அது அவள் கெட்டித்தனம். நெஞ்சு தெளிந்த பிறகு நுரையீரல் டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனிதர். அன்றைக்கு இன்னும் நல்லவராக இருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மெதுவா வர்ற நிப்பிள், ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறது, நிறுத்தி நிறுத்திக் குடுக்கிறது, எல்லாம் சொன்னபடி பண்ணியிருக்கீங்க. அப்படிப் பண்ணியும் பால் நுரையீரலுக்குத்தான் போயிருக்கு. அப்படின்னா இவளால முடியலைன்னு அர்த்தம். இனிமே வாய்ல ஒரு சொட்டுகூட வேண்டாம். வயித்துல குழாய் வச்சிடுவோம்."

வியாழக்கிழமை எக்ஸ்ரே வீடியோ சோதனை. குழந்தை விழுங்குவதைத் திரையில் பார்ப்பார்கள். வீட்டில் கொடுக்கும் அதே பாட்டிலையும் நிப்பிளையும் கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டரில் இடம் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

எங்கள் நிலைமை இதுதான். உண்மையைச் சொன்னால், பெற்ற குழந்தையின் நெஞ்சில் பாலை ஊற்றியவள் என்று பெயர். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தகுதியில்லை என்று குழந்தையை அங்கேயே நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள். தாழ்வாரத்தில் அப்படி ஒரு கதை ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால், மெதுவான நிப்பிளிலேயே மேனேஜர் தோற்றுவிட்டாள் என்று எழுதிக்கொண்டு, நியாயமாக ஒரு தடவை கொடுத்துப் பார்க்காமலே அவள் வாயை மூடிவிடுவார்கள். மறுபடியும் மயக்க மருந்து. மறுபடியும் ஒன்பது நாள், அல்லது ஒன்பது நாளுக்குப் பிறகு என்ன என்று தெரியாத ஒன்று. புலிவாலைப் பிடித்தது அவள். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்க்காதவள்போல் நடித்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்தால், உனக்கு எப்போது தெரியும் என்று தம்பி கேட்பான்.

வியாழன் காலை எக்ஸ்ரே பகுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் பையைத் திறந்து சரிபார்த்தாள். எட்டிப் பார்த்தேன். பாட்டிலில் பிரிக்காத கவரிலிருந்து எடுத்த புது நிப்பிள் மாட்டியிருந்தது. பையின் அடியில் பொத்தான் போட்டு வைக்கும் சின்ன தகர டப்பி ஒன்றும் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

உள்ளே எக்ஸ்ரே தாக்காதபடி அவளுக்கு ஈய அங்கியை மாட்டினார்கள். குழந்தைக்கு அம்மாதான் கொடுக்க வேண்டும். அந்தக் கனத்தில் அவள் தோள் இறங்கியது. மேனேஜரை ஒரு சின்ன நாற்காலியில் ஒருக்களித்துக் கட்டினார்கள். பத்து நாளைக்கு மேலாக வாயில் எதுவும் வைக்காத குழந்தை, பாட்டிலைக் கண்டதும் வாயைத் திறந்து திறந்து மூடியது. தம்பி கதவோரம் நின்றான். நான் அவன் பக்கத்தில். பால் டீச்சர் மருந்து கலந்த வெள்ளைத் திரவத்தைப் பாட்டிலில் ஊற்றி, நிப்பிளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுதானே வீட்ல குடுத்தது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன்.

"இல்ல" என்றாள் அவள்.

அங்கிக்குள் கையைவிட்டு, எப்போதோ பையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகியிருந்த டப்பியை எடுத்துத் திறந்தாள்.

"இதுலதான் குடுத்தேன். ஓட்டை சின்னதா இருக்குன்னு ஊசியச் சுட்டு நான்தான் பெருசாக்கினேன். தையல் மெஷின் ஊசி, பதினாறாம் நம்பர். பதினாலு நாள். அவ மெதுவான நிப்பிள்ல தோக்கல. அதுல ரெண்டு வாரத்துக்கு மேல நான் குடுத்துப் பார்க்கவே இல்ல. இப்பக் குடுத்துப் பாருங்க. அவளால முடியலைன்னா அப்புறம் அறுங்க."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பால் டீச்சர் அந்த நிப்பிளை வாங்கித் தண்ணீர் விட்டுக் கவிழ்த்தாள். நூல் மாதிரி ஒழுகியது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டாக்டர் வெளியே வந்துவிட்டார்.

"இத ஏம்மா அப்பவே சொல்லல?"

"பயந்தேன் டாக்டர்."

"இது ஒண்ணும் புதுசில்ல" என்றாள் பால் டீச்சர், அவரிடமா இவளிடமா என்று தெரியாமல். "இந்த வருஷம் எனக்கு இது நாலாவது. பிளேடால கீறினவங்க உண்டு." பிறகு டப்பியை மூடித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "புதுசுலயே பார்ப்போம். மூணுக்கு மேல போகக் கூடாது. நான் எண்ணுறேன்."

விளக்கை அணைத்தார்கள். திரையில் மேனேஜரின் மண்டையும் கழுத்தும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. வெள்ளைத் திரவம் அங்கே கறுப்பாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பாட்டில் இறங்கியது. கறுப்பு ஒரு கொக்கி மாதிரி வளைந்து பின்பக்க உணவுக்குழாயில் இறங்கியது. முன்பக்க மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தது. ஒரு மூச்சு. மறுபடியும் மூன்று. மறுபடியும் சரியான வழி. நான் என் மூச்சை விடவில்லை என்று தம்பி தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. எட்டாவது சுற்றில் மேனேஜர் களைத்தாள். கறுப்பில் ஓர் இழை பிரிந்து முன்பக்கமாக எட்டிப் பார்த்தது. உள்ளே போகவில்லை, தயங்கி, திரும்பி வந்துவிட்டது.

"போதும்" என்றாள் பால் டீச்சர். "நிறுத்திடுங்க."

திங்கட்கிழமை ஆபரேஷன் இல்லை என்றார் டாக்டர். ஒரு வேளைக்குப் பத்து மில்லி மட்டும் வாயால், அதுவும் மூச்சு நன்றாக இருக்கும் நேரத்தில் மட்டும். மற்றதெல்லாம் மூக்குக் குழாய். மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதனை. அதுவரைக்கும் வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பழைய நல்லதனம் இல்லை. என் தம்பி மனைவி தலையை ஆட்டினாள். அதே அறை, அதே மூன்று மீட்டர், அதே மூன்று மணி நேரம். இப்போது கூடவே ஒரு காவலும்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

அவள் குழந்தையின் மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவன் டீ வாங்கி வருகிறேன் என்று போனான். அழப் போகிறான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவன் அழுவதற்கு ஏதாவது வாங்கத்தான் போவான்.

இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"நான் பார்த்தேன்" என்றேன். "முதல் நாளே பார்த்துட்டேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா ஏன் அங்க சொல்லல? அண்ணிக்கும் தெரியும்னு ஒரு வார்த்தை?"

அவள் வாயில் குண்டூசி இருப்பதுபோல் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க கழுவுற நேரத்துக்கு தினமும் வாசல்ல வந்து நிப்பேன் அண்ணி. இன்னைக்குத் திட்டுவாங்க, இன்னைக்குத் திட்டுவாங்கன்னு. நீங்க ஒரு சத்தம் போட்டிருந்தா அதத் தூக்கிக் குப்பையில எறிஞ்சிருப்பேன். நானா நிறுத்த முடியல. அறுபது, அறுபதுன்னு எழுதுற கைய என்னால நிறுத்த முடியல. ஊரையே திட்டுறவங்க நீங்க, என்னைய மட்டும் திட்டலியே அண்ணி."

எனக்குச் சங்கு என்று பெயர் வைத்தவர்கள் அந்த நேரத்தில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மேனேஜர் தூக்கத்தில் எதையோ உறிஞ்சினாள், மூன்று முறை, பிறகு மூச்சு விட்டாள். அடுத்த பாலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.